மூன்று அறை, மூன்று காலம்: எங்கள் வீட்டில் நடந்த சுண்ணாம்பு வேலை

பழைய வீட்டைப் பழையபடி ஆக்கித் தருகிறோம் என்று சொல்கிறவர்கள் காரைக்குடி வட்டாரத்தில் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒரு கொத்தனார் குழு, பள்ளத்தூர்ப் பக்கத்தில் உள்ள எங்கள் வீட்டில் மூன்று இடங்களில் வேலையை முடித்துக் கொடுத்திருக்கிறது. வாசல் பக்கத்து முகப்பு, நடு முற்றமான வளவில் எங்கள் புள்ளிக்குரிய (குடும்பத்துக்குரிய) இரட்டை அறை, மாடி முன்னறை. எனக்கு வேலை மிகவும் பிடித்திருக்கிறது. குறைகளும் உண்டு. இரண்டையும் எழுதுகிறேன், வீட்டை என்ன செய்வதென்று யோசித்துக்கொண்டிருக்கும் மற்ற குடும்பங்களுக்கு உதவும். மேஸ்திரியின் பெயரும் போன் நம்பரும் இங்கே இருக்காது. போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார், கையில் இருக்கும் வேலையே அவருக்கு முடியவில்லை. அவர் மாதிரி ஆளை எப்படி அடையாளம் காண்பது என்பதைச் சொல்ல முயல்கிறேன்.

நான் இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தவள். வீட்டின் முதல் பகுதியை என் வீட்டுக்காரரின் ஐயாவுடைய அப்பச்சி (தாத்தாவின் அப்பா) 1900களின் தொடக்கத்தில் கட்டினார்கள். வளவும் அதைச் சுற்றிய இரட்டை அறைகளும் அப்போது வந்தவை. பர்மாவின் மோல்மீனுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் நடத்த, போய்ச் சேர்த்த பணம் கொஞ்சம் கூடியபிறகு முகப்பை இடித்துப் பெரிதாக்கி, பளிங்கும் ஆத்தங்குடிக் கல்லும் (பூப்போட்ட தரை ஓடு) போட்டார்கள். மாடி முன்னறை ஐயா காலத்தில், 1930களில் எழுந்தது. 1942இல் ஜப்பான் படை பர்மாவுக்குள் வந்ததும் அங்கிருந்து பணம் வருவது நின்றுபோனது. அதற்குப் பிறகு இந்த வீட்டில் புதிதாக ஒரு தூண் ஏறவில்லை, வெள்ளையடித்ததோடு சரி. செட்டிநாட்டில் பல வீடுகளின் கதை இதுதான்.

ஆகவே 'ஒரிஜினல்' என்று ஒரே ஒரு வருஷத்தைக் காட்ட எங்கள் வீட்டில் முடியாது. அறைக்கு அறை காலம் வேறு. இந்த ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டு வேலை செய்ததற்காகத்தான் நான் இவர்களைப் பாராட்டுகிறேன்.

இவர்களுக்கு முன்னால் வெளியூரிலிருந்து ஒரு நிறுவனம் வந்து பார்த்தது. கம்ப்யூட்டரில் படம் போட்டுக் காட்டினார்கள். எல்லா அறைக்கும் ஆத்தங்குடிக் கல், எல்லாச் சுவருக்கும் ஒரே வெள்ளைப் பளபளப்பு, மாடிக்குச் செதுக்கிய மரத்தூண்கள். படம் அழகாகத்தான் இருந்தது. ஆனால் இரட்டை அறையில் ஆத்தங்குடிக் கல் ஒருநாளும் இருந்ததில்லை. அங்கே செங்கல்மேல் காரைத் தளம். மாடியில் செதுக்கிய தூணும் கிடையாது. ஒரு சுவரைக்கூடத் தொட்டுப் பார்க்காமல் கொடுத்த அந்த மதிப்பீட்டை நாங்கள் ஏற்கவில்லை.

மேஸ்திரி வந்த அன்று படம் எதுவும் கொண்டுவரவில்லை. ரேட்டு என்ன என்று கேட்டதற்கு, "மொதல்ல சொரண்டிப் பாப்பம் ஆச்சி, அதுக்கப்புறம் ரேட்டுப் பேசுவம்" என்றார். ஒவ்வோர் அறையிலும் உள்ளங்கை அகலத்துக்குச் சில இடங்களைத் தேர்ந்தெடுத்து, அடியில் ஒன்று, இடுப்பு உயரத்தில் ஒன்று, விட்டத்துக்குக் கீழே ஒன்று என்று மெல்லச் சுரண்டினார். கதவிடுக்கு, அலமாரிக்குப் பின்புறம் போல வெயிலும் கையும் படாத இடங்களில்தான் பழைய நிறம் தப்பியிருக்கும் என்றார். முகப்பில் மேலே பிளாஸ்டிக் எமல்ஷன், அதற்கடியில் பச்சை டிஸ்டெம்பர், அதற்கும் அடியில் நீலப்பொடி கலந்த சுண்ணாம்பு, கடைசியில் வழவழப்பான முட்டைப் பூச்சு. அந்தப் பூச்சின்மேல் காவியில் ஒரு கோடு ஓடுவது தெரிந்தது. என் மாமியார் இருந்தவரை சொல்லிக்கொண்டிருந்த கோடு அது. நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

இந்தச் சுரண்டல் வேலைக்கு அவர் காசு வாங்கவில்லை. வேலை தமக்குக் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, இந்த இடங்களை மூடிவிடாதீர்கள் என்று மட்டும் சொன்னார். உங்கள் வீட்டுக்கு ஆள் தேடும்போது இதைத்தான் முதலில் பாருங்கள். சுவரைச் சுரண்டிப் பார்க்காமல் நிறம் சொல்கிறவரிடம் வீட்டைக் கொடுக்காதீர்கள்.

முகப்பில் பெரிய தொல்லை ஈரம். சில வருஷங்களுக்கு முன் ஓர் ஒப்பந்தக்காரர், ஓதம் ஏறுகிறது என்று சொல்லி அடிச்சுவரில் மூன்றடி உயரத்துக்குப் பழைய பூச்சைக் கொத்திவிட்டு சிமெண்டு பூசிவிட்டுப் போயிருந்தார். அந்த மூன்றடிவரை சுவர் காய்ந்ததுபோலத் தெரிந்தது. அதற்கு மேலே புதிதாக உப்புப் பூத்து, நல்ல பூச்செல்லாம் உதிர ஆரம்பித்தது. மேஸ்திரி காரணத்தைச் சுருக்கமாகச் சொன்னார். தரையிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியாக வெளியேறிவிடும். சிமெண்டு அதை அடைத்துவிடுகிறது. வெளியேற வழியில்லாத ஈரம் செங்கலுக்குள்ளேயே மேலே ஏறி, சிமெண்டு முடிகிற இடத்தில் வெளிவருகிறது. கூடவே உப்பும் வருகிறது. எமல்ஷன் அடித்த இடங்களிலும் இதே கதைதான்.

சிமெண்டை உடைத்து எடுத்தபின் உடனே பூசவில்லை. கோடை முழுக்கச் சுவரைத் திறந்தே போட்டார்கள். வெளியில் வந்த உப்பைத் தண்ணீர் தொடாமல் காய்ந்த பிரஷால் தட்டி அள்ளினார்கள். கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போய்விடுமாம். செங்கல் தெரிய நின்ற முகப்பைப் பார்த்து வருகிறவர் போகிறவர் எல்லாம் வேலை நின்றுபோய்விட்டதா என்று கேட்டார்கள். அந்தப் பொறுமை இல்லாமல் பூசியிருந்தால் இரண்டு மழைக்குள் மறுபடி உதிர்ந்திருக்கும் என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். வடகிழக்கு மழை ஒன்றைச் சுவர் பார்த்துவிட்டது, அடியில் எங்கும் உப்புப் பூக்கவில்லை.

பூச்சு வேலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் 'முட்டைப் பூச்சு' என்றதும் சுவர் முழுக்க முட்டை என்று பலர் நினைக்கிறார்கள். சுண்ணாம்பை நீற்றி, வாரக்கணக்கில் தண்ணீருக்கடியில் ஊறப்போட்டார்கள். கடுக்காயை இடித்துத் தனியாக ஊறவைத்து அந்தத் தண்ணீரையும் கருப்பட்டிக் கரைசலையும் காரையில் சேர்த்தார்கள். முதல் பூச்சு சுண்ணாம்பும் சலித்த மணலும், கொஞ்சம் சொரசொரப்பாக. அதன்மேல் மணலைக் குறைத்து நைசாக அடுத்த பூச்சு. எம்-சாண்ட் கொண்டுவரட்டுமா என்று கேட்டதற்கு வேண்டவே வேண்டாம் என்று ஆற்றுமணலுக்கே அலைந்தார். ஒவ்வொரு பூச்சும் தானாக இறுக விடவேண்டும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துத்தான் மறுபடி கல்லாகிறது, அதற்கு நாள் பிடிக்கும். அதுவரை வெயில் படாமல் ஈரச்சாக்கு கட்டி வைத்தார்கள்.

கடைசிப் பூச்சு தாள் கனம்தான். கிளிஞ்சல் சுண்ணாம்பை அம்மியில் வெண்ணெய்ப் பதத்துக்கு அரைத்தார்கள். அரைத்தது இரண்டு பெண்கள். அவர்கள் கைதான் இந்த வேலையின் உயிர், கூலியில் அது தெரிவதில்லை என்பது எனக்கு வருத்தம். வெள்ளைக்கரு இந்தப் பூச்சில் மட்டும்தான் சேர்கிறது. பூசியபின் சின்னக் கரண்டியால் இழுத்து இழுத்து, பிறகு மாக்கல் பொடி தூவி, வழவழப்பான கூழாங்கல்லால் தேய்த்தார்கள். காலையில் பூசினால் பொழுது சாய்கிறவரை தேய்க்கிறார்கள். நடுவில் விட்டுவிட்டால் அந்த இடத்தில் ஒட்டுத் தெரியும், அதனால் ஒரு சுவரைத் தொட்டால் அன்றைக்கே முடிக்க வேண்டும். சாப்பாட்டுக்குக்கூட முறைவைத்துத்தான் போனார்கள். முடிந்த சுவரில் கை வைத்தால் குளிர்கிறது, எதிர் ஜன்னலின் கம்பி நிழல் அதில் தெரிகிறது. பெயிண்டு இனித் தேவையில்லை. அழுக்குப் பட்டால் ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

மேல்பகுதியில் இருந்த பழைய பூச்சை அவர்கள் இடிக்கவில்லை என்பதை அழுத்திச் சொல்கிறேன். அடியில் பூச்சு வழவழப்பாக இருந்ததால் எமல்ஷனுக்கு நல்ல பிடிப்பில்லை. வெந்நீர் ஒற்றி மழுங்கிய சுரண்டியால் பொறுமையாக உரித்தார்கள். நூறு வருஷத்துக்கு முந்தைய கைவேலை அப்படியே வெளியே வந்தது. அங்கங்கே பழுப்பு, மயிர்க்கோடாக வெடிப்பு. புதுப் பகுதி அதைவிட வெளுப்பாக இருக்கிறது. இரண்டும் ஒன்றாகத் தெரிய நிறம் கலக்கலாமா என்று என் மகன் கேட்டான். மேஸ்திரி ஒப்பவில்லை. "புதுசு புதுசாவே இருக்கட்டும் தம்பி, தானா நெறம் எறங்கும்" என்றார். அவர் சொன்னதே எனக்கும் சரி. காவிக்கோட்டை மட்டும், பழையது ஓடிய உயரத்திலேயே நூல் அடித்துத் தொடர்ந்திருக்கிறார்கள்.

தரைக்கு வருகிறேன். முகப்பின் ஆத்தங்குடிக் கல்லில், குழாய் பதிக்க வெட்டிய இடத்தில் மொசைக் பத்தை ஒன்று நீளமாகக் கிடந்தது. அதை எடுத்துவிட்டு, அசைந்துகொண்டிருந்த பழைய கல் ஒன்றைப் பெயர்த்து ஆத்தங்குடிக்கே எடுத்துப் போனோம். பட்டறையில் கண்ணாடித் தட்டின்மேல் அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் நிறச்சாந்தை ஊற்றுகிறார்கள். அச்சை எடுத்துவிட்டு உலர்ந்த மணல் சிமெண்டு தூவி, அதன்மேல் சாந்து போட்டு மட்டம் செய்கிறார்கள். சூளை கிடையாது, தண்ணீரில் ஊறி, காய்ந்தே கெட்டியாகிறது. கண்ணாடியின் வழவழப்புத்தான் கல்லின் முகத்தில் ஏறுகிறது. எங்கள் பூவுக்குச் சரியான அச்சு கிடைத்தது. நிறம்தான் முதலில் பொருந்தவில்லை, சிவப்பு கண்ணைக் குத்தியது. மறுபடி செய்யச் சொன்னதற்கு முகம் சுளிக்காமல் காவியைக் குறைத்துச் செய்து கொடுத்தார்கள். பழைய கல்லின் கனம் கூடுதல், புதியது மெல்லியது. அடியில் காரை ஏற்றி மட்டம் பார்த்துப் பதித்தது மேஸ்திரியின் கெட்டிக்காரத்தனம். தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்துவருகிறோம். ஆசிட் பக்கமே கொண்டுபோகாதீர்கள், ஒரே நாளில் முகம் செத்துவிடும்.

இரட்டை அறையில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காரைத் தளத்தில் உடைந்த இடங்களைச் செங்கல்தூள் கலந்த காரையால் அடைத்தார்கள், சுவருக்கு வெறும் சுண்ணாம்பு. பெட்டகம் இருந்த அறைக்கு அதுவே போதும், அப்போதும் அதுதான் இருந்தது.

மாடி முன்னறையில்தான் எங்கள் பங்காளிகளுக்குள் பேச்சு எழுந்தது. அது 1930களின் அறை. கூரையோரம் படிப்படியாக இறங்கும் பூச்சு வரிகள், சூரியக்கதிர் விரிந்த மாதிரி இரும்பு ஜன்னல், ஓரத்தில் கறுப்புப் பட்டை ஓடும் சிவப்புச் சிமெண்டுத் தளம், இடுப்பளவுக்குப் பூப்போட்ட ஜப்பான் ஓடு. ஆர்ட் டெகோ என்கிறார்களே, அது. கானாடுகாத்தானில் இன்று விடுதியாக இருக்கும் விசாலம், ஒருவர் தம் மகளுக்காகக் கட்டிய வீடு, அதே பாணியில் நிற்கிறது. போய்ப் பார்த்தால் அந்தக் காலத்து ரசனை எவ்வளவு நேர்த்தியானது என்று தெரியும். ஆனால் எங்கள் வீட்டில் சிலருக்கு இது 'செட்டிநாடு' மாதிரித் தெரியவில்லை. வருகிறவர்கள் எதிர்பார்க்கிற தூணும் செதுக்கலும் வேண்டும் என்றார்கள். மேஸ்திரி, "இது ஐயா காலத்து மாடி ஆச்சி. கீழ இருக்கிறத மேல கொண்டுபோனா ரெண்டுமே கெட்டுப்போகும்" என்றார். எனக்கும் அதே எண்ணம்தான். ஐயா அவர்கள் தம் காலத்துப் புதுமையை விரும்பித்தான் அந்த அறையைக் கட்டினார்கள். அதை அழித்து அதற்கு முப்பது வருஷம் முந்தையதாகக் காட்டுவது அவர்களுக்குச் செய்கிற மரியாதை ஆகாது. பெரியப்பச்சி ஒருவர் எங்கள் பக்கம் நின்றதால் அறை தப்பியது.

சுரண்டிப் பார்த்ததில் மாடிச் சுவர் இளம்பச்சை, ஓட்டுக்கு மேலே கரும்பச்சைக் கோடு. அதையே அடித்தார்கள். உடைந்த ஜப்பான் ஓடுகள் சிலவற்றுக்குக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் ஜோடி தேடினோம். சரியான ஜோடி கிடைக்கவில்லை. அளவில் ஒத்த வெறும் வெள்ளை ஓட்டை அலமாரி மறைக்கும் மூலையில் போட்டுவிட்டு, அங்கிருந்த பூ ஓடுகளை முன்னால் கொண்டுவந்தது நல்ல யோசனை. அந்தக் கடைகளில் இன்னொரு வீட்டின் நிலைக்கதவும் கஜலட்சுமிப் பலகையும் சாய்ந்து நிற்பதைப் பார்க்க எனக்கு நெஞ்சு தாங்கவில்லை. தாழ்ப்பாள், கீல், வட்டச் சுவிட்சு போன்ற சில்லறைச் சாமான் மட்டும் வாங்கினோம். இடித்த வீட்டின் கதவை வாங்கி எங்கள் வீட்டில் மாட்ட எனக்கு மனம் வரவில்லை. எங்கள் வீட்டில் இல்லாத ஒன்று இங்கே எதற்கு?

அந்தக் கறுப்பு வட்டச் சுவிட்சுகள் பார்வைக்குத்தான் பழையவை. உள்ளே வயரிங் முழுக்கப் புதிது, மரப்பட்டியின்மேலேயே ஓடுகிறது. சுவரை வெட்டி வயரை உள்ளே புதைக்க எலக்ட்ரீஷியன் எவ்வளவோ கேட்டும் மேஸ்திரி விடவில்லை.

இனிக் குறைகள். முதலாவது மரவேலை. இந்தக் குழுவுக்குச் சுண்ணாம்பில் இருக்கும் கை மரத்தில் இல்லை. அவர்கள் கூட்டிவந்த தச்சர், முகப்புக் கதவில் மெஷின் வைத்து வார்னிஷை இழைக்க ஆரம்பித்தார். பர்மாத் தேக்கில் நூறு வருஷம் கை பட்டு ஏறிய பளபளப்பு ஒரு முழ நீளத்துக்குப் போய்விட்டது. நிறுத்தச் சொல்லி, வேறு ஒரு பெரியவரை வைத்து ஸ்பிரிட் தொட்டுத் துணியால் எடுத்து அரக்குப் பாலிஷ் போட்டோம். அந்த ஒரு முழம் இன்னும் வேறாகத்தான் தெரிகிறது. மரத்துக்குத் தனியாக ஆள் பாருங்கள்.

இரண்டாவது, கணக்கு. மேஸ்திரியிடம் ஒரு நோட்டு உண்டு, அதில் தேதி இருக்கும், தொகை இருக்கும், எதற்கு என்று இருக்காது. ஏமாற்று எதுவும் இல்லை, ஆனால் பல பங்காளிகள் பங்குபோட்டுக் கொடுக்கும் வீட்டில் ஒவ்வொரு ரூபாய்க்கும் பதில் சொல்ல வேண்டியவள் நான். சாமான் வேறு, கூலி வேறு என்று வாராவாரம் எழுதி வாங்குங்கள். எங்களுக்குச் சாமான் செலவு குறைவு, பெரும்பங்கு கூலிதான். சிமெண்டு பூச்சோடு ஒப்பிட்டால் பல மடங்கு ஆகும், அதைத் தெரிந்தே இறங்க வேண்டும். பணம் போதாதென்றால் எல்லா அறையையும் அரைகுறையாகச் செய்யாமல், ஒரே ஒரு அறையை முழுசாகச் செய்வது மேல்.

மூன்றாவது, சொன்ன காலத்தில் முடியவில்லை. சுவர் காய்வதற்கு ஆன தாமதத்தை நான் குறையாகச் சொல்லமாட்டேன். நடுவில் வேறொரு வீட்டு வேலைக்குப் பாதிப் பேர் போனதைச் சொல்வேன். பேரன் புதுமைக்குள் (ஆண்பிள்ளைக்கு எங்களில் செய்யும் சடங்கு) முகப்பு வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தும், மாடிப்படி அப்போது சாரத்தோடுதான் நின்றது.

முகப்பின் ஒரு மூலையில் வேலை முடிந்தபின் மெல்லிய வெடிப்பு விட்டது. போன் செய்ததும் வந்து, அந்த இடத்தை மட்டும் எடுத்துப் பூசிக் கொடுத்தார்கள். காசு கேட்கவில்லை.

எங்கள் பக்கத்து ஊர்களை 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்த்தார்கள். அதற்குப் பிறகு விடுதிக்காகவும் ஷூட்டிங்குக்காகவும் வீட்டைச் 'செட்டிநாடு ஆக்கும்' வேலை கூடியிருக்கிறது. வீடு பூட்டிக்கிடந்து இடிவதைவிட அது நல்லதுதான். ஆனால் எல்லா வீட்டுக்கும் ஒரே தரை, ஒரே வெள்ளை என்று போனால் இந்த வீட்டுக்கும் அந்த வீட்டுக்கும் வித்தியாசம் என்ன இருக்கும்? சுண்ணாம்புச் சுவர் எப்படி இருக்கும் என்று வேலையில் இறங்குவதற்கு முன் பார்க்க நினைக்கும் சென்னைக்காரர்கள் முட்டுக்காடு தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கும் செட்டிநாட்டு வீட்டைப் போய்ப் பார்க்கலாம், தூரம் மிச்சம்.

ஆள் தேடுகிறவர்கள் மூன்று கேள்வி கேளுங்கள். ஊறப்போட்ட சுண்ணாம்பு வைத்திருக்கிறீர்களா, அல்லது மூட்டைப் பவுடரா? அம்மியில் அரைப்பது யார்? மழை ஒன்று பார்த்த உங்கள் பழைய வேலை எந்த ஊரில் இருக்கிறது, போய்த் தொட்டுப் பார்க்கலாமா? மூன்றாவது கேள்விக்குத் தயங்காமல் ஊர் பெயர் சொல்கிறவரிடம் பேச்சைத் தொடருங்கள்.

வளவுக்குப் பின்னால் உள்ள இரண்டாங்கட்டுக்கும் இவர்களையே சொல்லியிருக்கிறோம், தச்சர் மட்டும் வேறு. தை பிறந்ததும் ஆரம்பிக்கப் பேச்சு. அதற்குள் அடைமழை ஓய்ந்திருக்கும், வெயிலும் ஏறியிருக்காது. சுண்ணாம்பு இப்போதே குழியில் ஊறுகிறது.